வேதாகமத்தின் முதல் பக்கத்தில் நான்கு தேதிகள்

கேள்வி:

பாஸ்டர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 36 வயது. மாண்டலேயில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். 19 வயதில் வேறொரு சபையில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தேன். கன்வென்ஷன் கூட்டங்களில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் முன்னே வாருங்கள்" என்று அழைத்தபோது நான்கு முறை போயிருக்கிறேன். அந்த நான்கு தேதிகளையும் என் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு புதுத் தேதியை எழுதும்போதும், முந்தியது உண்மையாக இருந்திருக்காது என்று அதை அடித்துவிடுவேன். மூன்று அடிபட்டுவிட்டன. இப்போது நான்காவதின்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் நிலம் ஆடியபோது நான் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் "இயேசுவே" என்று வரவில்லை. "அம்மா" என்றுதான் கத்தினேன். அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. சாவு எதிரே நின்றபோது கர்த்தருடைய நாமத்தைச் சொல்லாத நான் எப்படி அவருடைய பிள்ளையாக இருக்க முடியும்? அதற்குப் பிறகு தெருவில் படுத்திருந்த நாட்களில் பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் தார்ப்பாய் தைத்துத் தைத்துக் கை வீங்கிவிட்டது. ஒரு நாளும் ஒழுங்காக ஜெபிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு இரவும், இயேசுவை ஏற்றுக்கொள்ளும்போது சொல்லும் பாவியின் ஜெபத்தைப் புதிதாகச் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். நடுவில் விழித்தால் மறுபடியும் சொல்கிறேன். இன்றும் வாசலருகேதான் பாய் போடுகிறேன். "இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லத் தெரியாதவர்கள் இரட்சிக்கப்படவே இல்லை" என்கிறார் எங்கள் ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவர். மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்க முடியாது என்னும் எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை வாசித்தால் உடம்பு நடுங்குகிறது. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ? நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா, இல்லையா? தெளிவாகச் சொல்லுங்கள்.

— ஒரு சகோதரி, மாண்டலே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"இரட்சிக்கப்பட்டிருக்கிறீர்கள், கவலைப்படாதீர்கள்" என்று ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு ஒரே வரியில் எழுதிவிடலாம். அன்று இரவு நன்றாகத் தூங்குவீர்கள். மூன்றாம் நாள், "என் உள்ளத்துக்குள் இருப்பது பாஸ்டருக்கு எப்படித் தெரியும்?" என்று ஓர் எண்ணம் எட்டிப்பார்க்கும். என் பதில் வந்த தேதி ஐந்தாவது தேதியாகி, அதன்மேலும் ஒரு கோடு விழும். ஆகவே அந்த முத்திரையை நான் குத்தப்போவதில்லை.

நிச்சயம் கிடைக்காது என்பதற்காக அல்ல. "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கு" எழுதுகிறேன் என்று யோவான் தம் முதல் நிருபத்தின் முடிவில் (5:13) சொல்கிறார். அறியும்படிக்கு என்கிறார், ஊகித்துக்கொண்டிருக்கும்படிக்கு என்றில்லை. எங்கே பார்த்து அறிவது என்பதில்தான் நீங்களும் நானும், உங்களை நான்கு முறை முன்னே வரச் சொன்ன எங்களைப் போன்ற போதகர்களும், தடம் மாறிப் போயிருக்கிறோம்.

என் தகப்பனாரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பிஸ்கட்டை நாங்கள் பார்த்ததில்லை. உள்ளே இருந்தது காகிதம். தாத்தாவின் வெளிநாட்டார் பதிவுப் புத்தகம், பள்ளிக்கூடச் சான்று, மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட வரி ரசீதுகள். 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு அந்த டின்னுக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. 1823-க்கு முன்பே இங்கே இருந்த இனங்களுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை. மற்றவர்கள் தலைமுறைக் கணக்கைக் காகிதத்தில் காட்டவேண்டும். இளஞ்சிவப்பு அட்டையா, நீலமா, பச்சையா என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைக் கணித்த காலம். யாராவது கதவைத் தட்டினால் அப்பாவின் கை முதலில் டின்னைத் தேடும். பிறகுதான் சட்டையைத் தேடும். பல வருடம் அலைந்து அட்டை கைக்கு வந்தது. வந்த பிறகும் அவர் டின்னை விடவில்லை. இரவில் விளக்கை அணைப்பதற்கு முன்பு ஒவ்வொரு காகிதமாக எடுத்து எண்ணுவார். "எல்லாம் இருக்கிறது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். மறுநாள் மறுபடியும் எண்ணுவார்.

உங்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த டின்தான் நினைவுக்கு வந்தது.

இந்த நாட்டில் பிறந்த தமிழருக்குக் காகிதம் காட்டும் பயம் தாய்ப்பாலோடு சேர்ந்தே வந்தது. அதைப் பரலோக வாசல்வரைக்கும் சுமந்துகொண்டு போகிறோம். அங்கேயும் ஒரு கவுண்டர் இருக்கும், அதற்குப் பின்னால் சிரிக்காத முகம் ஒன்று இருக்கும், "தேதி?" என்று கேட்கும், நமக்கு நா குழறும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மத்தேயு ஏழாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று வந்து நின்று வெளியே அனுப்பப்பட்டவர்கள் வெறுங்கையோடு வந்தவர்களா? தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று டின் நிறையக் காகிதம் கொண்டுவந்தவர்கள் அல்லவா? இருபத்தைந்தாம் அதிகாரத்தில் உள்ளே அழைக்கப்பட்டவர்களையும் பாருங்கள். அவர்களுக்கு ஒன்றும் நினைவில்லை. "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக்கண்டு" என்று திகைக்கிறார்கள். எப்பொழுது என்று கேட்கிறார்கள், சகோதரி. தேதி தெரியாதவர்கள் அவர்கள்தான்.

எழுபது பேர் ஊழியம் முடித்துச் சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது ஆண்டவர், "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்றார் (லூக்கா 10:20). அந்தப் பெயரை எழுதியது அவர்கள் கையல்ல. உங்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதுவதும் அடிப்பதும் அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாது.

தேதி கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை அப்போஸ்தலர்கள் தந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கூட்டத்தின் முடிவில் முன்னே வரச் சொல்லி அழைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களில், முக்கியமாக 1830-களில் சார்லஸ் ஃபின்னி போன்றவர்களால் பரவியது. அதில் கெடுதல் இல்லை; அப்படி முன்னே நடந்து வந்து வாழ்க்கை மாறியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்பு பதினெட்டு நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்கள் அப்படி ஒரு தேதி இல்லாமலே வாழ்ந்து, விசுவாசத்தோடு இறந்தும் போனார்கள். பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஒரு மத்தியானம் இருந்தது, சரிதான். தீமோத்தேயுவுக்கு என்ன இருந்தது? பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள்.

நானும் வாலிபப் போதகனாக இருந்தபோது பிரசங்க மேடையிலிருந்து தேதி கேட்டவன்தான். உயர்ந்த கைகளை எண்ணிக் கணக்கு எழுதியவன். மோல்மீன் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், "ஆத்தா, உங்கள் இரட்சிப்பின் நாள் எது?" என்று கேட்டேன். "பிறந்த தேதியே எனக்குத் தெரியாது தம்பி. கார்டில் இருக்கிறது, அந்த ஆபீசர் அவர் இஷ்டத்துக்குப் போட்டது. ஆனால் உயிரோடு இருக்கிறேனே" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

தேதியைப் பார்க்கக்கூடாது என்றால் எதைப் பார்ப்பது? யோவான் 6:37-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." வினைச்சொல்லைக் கவனியுங்கள். "வந்தவனை" என்றில்லை, "வருகிறவனை" என்றிருக்கிறது. கிரேக்க மூலத்திலும் அது நிகழ்காலத்தில்தான் இருக்கிறது. நீங்கள் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, "அன்று நான் சரியாக வந்தேனா?" என்பது. உண்மையாக அழுதேனா, முழு மனதோடு சொன்னேனா, பக்கத்தில் இருந்த தோழி போனதால் போனேனா? இந்தக் கேள்விக்கு எந்த மனிதனாலும் பதில் சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கு முந்திய நம் உள்நோக்கத்தை நம்மாலேயே தோண்டி எடுக்க முடியாது. தோண்டத் தோண்ட மண்தான் வரும். வசனம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இப்போது வருகிறாயா என்கிறது. வந்தால், தள்ளுவதில்லை என்கிறார். அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் "நான்" என்கிறவர் மேல் இருக்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு இரவும் பாவியின் ஜெபத்தைச் சொல்வதும் வருவதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வீட்டுக்குள் வந்த மகள் மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்து "அப்பா" என்று கூப்பிடுகிறாள், அதுவும் வருவதுதான். தினமும் காலையில் வாசலுக்கு வெளியே போய் நின்று, "என்னை மகளாக ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கதவைத் தட்டினால் தகப்பன் மனம் என்ன பாடுபடும்? நீங்கள் சொல்லும் அந்த ஜெபம், உங்களைத் தினமும் வெளியே கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனால் இன்றிரவிலிருந்து அதைச் சொல்லவேண்டாம். ஜெபிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குங்கள். அது பிள்ளைகளின் ஜெபம். சந்தேகம் தொண்டையைப் பிடித்தால், பிள்ளைக்காக வந்து நின்ற அந்தத் தகப்பனின் வார்த்தையைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தது. முதலில் அவிசுவாசத்தைத் தீர்த்துவிட்டு வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

முதல் மூன்று நாட்கள் கஷ்டமாக இருக்கும். சொல்லாமல் படுத்தால் இன்றிரவே செத்துப்போனால் என்ன ஆவது என்று தோன்றும். தோன்றட்டும். அந்தப் பயத்தோடே படுங்கள்.

இப்போது "அம்மா" என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்தது அந்த வரிதான். 7.7 அளவில் பூமி ஆடும்போது மனித வாய் வேதபாடப் பரீட்சை எழுதுவதில்லை. உடம்பு தன் முதல் வார்த்தையைக் கத்துகிறது. கலிலேயாக் கடலில் காற்றடித்தபோது சீஷர்கள் எழுப்பிய சத்தம் விசுவாச அறிக்கையா? "மடிந்துபோகிறோம்" என்றுதான் அலறினார்கள். அற்பவிசுவாசிகளே என்று ஆண்டவர் கடிந்துகொண்டார், மெய்தான். ஆனால் ஒருவரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்று ஏசாயாவில் சொன்னவர், இறந்துபோன தாயைக் கூப்பிட்ட மகள்மேல் பொறாமைப்படுவாரா? அன்று மாண்டலேயில் ரம்ஜான் வெள்ளித் தொழுகையில் இருந்தவர்கள் மேலும் மடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிக்குகள் மேலும் கட்டடம் விழுந்தது. யார் வாயில் எந்தப் பெயர் இருந்தது என்று கட்டடம் கேட்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று ஆண்டவர் சொன்னதை (லூக்கா 13) வைத்துக்கொண்டு, நிலநடுக்கத்தை யாருடைய ஆத்துமாவையும் அளக்கும் கோலாக ஆக்காதீர்கள், உங்களுடையதையும்தான்.

வேதத்திலும் ஒரு நிலநடுக்கம் உண்டு. பிலிப்பி பட்டணம், நடுராத்திரி. சிறைச்சாலையின் அஸ்திபாரம் அசைந்தது, கதவுகள் திறந்தன. சிறைச்சாலைக்காரன் தன்னைக் கொன்றுபோட வாளை உருவினான். பிறகு நடுநடுங்கிக் கேட்டான்: "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" பவுலும் சீலாவும் அவனுக்கு நீண்ட சோதனை வைக்கவில்லை. "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" என்றார்கள். அடுத்து நடந்ததைத்தான் நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். "இராத்திரியில் அந்நேரத்திலேயே" அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். சில மணி நேரத்துக்கு முன் அவர்களுடைய கால்களைத் தொழுமரத்தில் மாட்டிய அதே கை.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டாருக்குத் தார்ப்பாய் தைத்துக் கை வீங்கியதால் ஜெபிக்கவில்லை என்று, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நாற்பது டிகிரி வெயிலில், தெருவோரத்தில், மெஷினில் ஏறாத தடித்த தார்ப்பாயைக் கோணி ஊசியால் குத்திக் குத்தித் தைத்திருப்பீர்கள். ஊசி ஏறும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளவேண்டும். வீங்காமல் என்ன செய்யும்? அந்தப் பாய்களின் கீழ் படுத்தவர்கள் எல்லாரும் நம் ஜனங்கள் அல்ல என்றும் எனக்குத் தெரியும். "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்" என்கிறது 1 யோவான் 3:14. மறுபடியும் அதே "அறிந்திருக்கிறோம்". உங்கள் தையல் உங்களை இரட்சிக்காது. அதை டின்னில் போட்டு எண்ணத் தொடங்கினால் அதுவும் கெட்டுப்போகும். ஆனால் மாமரத்தில் மாங்காய் தொங்கும்போது, இது மாமரம்தானா என்று வேரைத் தோண்டிப் பார்க்கவேண்டியதில்லை.

எபிரெயர் ஆறாம் அதிகாரம் உங்களை நடுங்க வைக்கிறது என்றால் நான்காம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம் வரைக்கும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒன்பதாம் வசனத்தில் எழுதியவரின் குரலே மாறுகிறது. "பிரியமானவர்களே" என்று கூப்பிடுகிறார். இப்படிச் சொன்னாலும் இரட்சிப்புக்குரியவைகள் உங்களிடத்தில் உண்டென்று நம்புகிறோம் என்கிறார். ஏன் நம்புகிறார்? பத்தாம் வசனம்: பரிசுத்தவான்களுக்கு ஊழியஞ்செய்த அன்புள்ள பிரயாசத்தை மறந்துவிடுகிறதற்குத் தேவன் அநீதியுள்ளவரல்லவே. மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கண்முன்னே ஆவியானவர் செய்த கிரியையைக் கண்டும், அது பெயெல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்னவர்களிடம் பேசப்பட்ட வார்த்தை அது. அவர்கள் யாரும் அதை நினைத்து நடுராத்திரியில் விழித்து அழுததாக நான் வாசிக்கவில்லை.

சபைகளுக்குள் இந்த விஷயத்தில் ஒரே பேச்சு இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. உங்கள் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்; நம் குடும்பங்களில் பெரியப்பா கத்தோலிக்கர், மாமா மெதடிஸ்ட், தங்கை பெந்தெகொஸ்தே. தனக்கு அருள் கிடைத்துவிட்டது என்று, பிழைக்கே இடமில்லாத விசுவாச நிச்சயத்தோடு ஒருவரும் அறிய முடியாது என்று 1547-இல் கத்தோலிக்க சபையின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. கத்தோலிக்கர்கள் நம்பிக்கை என்ற புண்ணியத்தின்மேல் சாய்கிறார்கள். மெய்யாக விசுவாசித்தவர் முடிவுவரை காக்கப்படுவார் என்பார்கள் சீர்திருத்த வழி வந்தவர்களும் பாப்டிஸ்டுகளில் பெரும்பாலோரும். விழுந்துபோகவும் கூடும், ஆனால் இன்று தேவனுடைய பிள்ளை என்பதை இன்று அறியலாம் என்பார்கள் மெதடிஸ்டுகள். "என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்வதுமில்லை" என்ற வசனத்தில் என் மனம் நிலைத்துவிட்டது. ஆனால் மற்றவர்களோடு இதற்காகச் சண்டைக்குப் போகமாட்டேன். கவனிக்கவேண்டியது வேறொன்று. காக்கப்படுதலை இவ்வளவு உறுதியாகப் போதித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே (1646) தன் 18ஆம் அதிகாரத்தில், உண்மை விசுவாசி ஒருவர் இந்த நிச்சயத்தை அடைவதற்கு நெடுநாள் காத்திருக்கவும் பல போராட்டங்களைக் கடக்கவும் நேரலாம் என்று எழுதிவைத்தது. நிச்சயம் இல்லாததும் விசுவாசம் இல்லாததும் ஒன்றல்ல என்று அன்றே ஒப்புக்கொண்டார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவருடைய இருதயம் அனலுற்றது. அந்தத் தேதி உலகத்துக்கே தெரியும். அதே வெஸ்லி 1739 ஜனவரி 4 அன்று தம் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்தவ உலகத்தின் மிகப் பிரபலமான தேதியை வைத்திருந்தவருக்கே அது போதவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் இருந்தார். 1934-இல் கட்டிய ஆவா பாலம் உடைந்து ஐராவதியில் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆவாவில்தான், 1824-இல், முதல் ஆங்கில–பர்மியப் போரின்போது அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் விலங்கு மாட்டப்பட்டுக் கிடந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தவர் மனைவி ஆன். விடுதலையாகி அதிக நாள் ஆகவில்லை, 1826-இல் ஆன் இறந்தார். சில மாதங்களில் கைக்குழந்தை மரியாவும் போனாள். ஜட்சன் மோல்மீன் காட்டோரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியே இருந்தார். தனக்கென்று ஒரு குழியை வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1829-இல் அவர் எழுதிய வரி இது: தேவன் எனக்கு அறியப்படாதவராய் இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடையவில்லை. இதை எழுதியவர் 1834-இல் பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். உங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியக் கிறிஸ்தவர் கையில் இன்றைக்கும் இருப்பது அதுதான். கண்டடையாத அந்த வருடங்களிலும் அவர் வந்துகொண்டுதான் இருந்தார்.

இனி உடம்பைப் பற்றி. போதகர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நிலம் ஆடாதபோதும் ஆடுவதுபோல் இருப்பது, சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடப்பது, வாசலருகே படுப்பது எல்லாம் அவ்வளவு பெரிய அதிர்ச்சியைக் கண்ட உடம்பின் வேலை. அதற்கும் இரட்சிப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நான்கு தேதிகள் நிலநடுக்கத்துக்கு முன்பே தொடங்கியவை. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவது, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு மறுபடியும் சந்தேகம் — இதை மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். சிலருக்குக் கை கழுவுவதில் வரும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில் வரும், பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியிலேயே வரும். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் பாவசங்கீர்த்தனம் செய்ய மணிக்கணக்காக உட்காருவார். முடித்துவிட்டு எழுந்து போனவர், ஒன்றை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருவார். அவருடைய ஆவிக்குரிய தகப்பனான ஸ்டௌபிட்ஸ் சலித்துப்போய், உன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார். உங்களுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. நான் வைத்தியன் அல்ல. ஆனால் அந்தப் பாவியின் ஜெபத்தை நிறுத்திப் பார்த்து, இரண்டு மூன்று வாரத்திலும் தூக்கம் திரும்பவில்லை என்றால், மனநலம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர்கள் இரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

திருவிருந்துக்கு வராமல் பின்வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களைப் போன்றவர்கள் பலர் "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல் புசிக்கக்கூடாது என்ற வார்த்தைக்குப் பயந்து எழுந்து போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்காமலே சொல்கிறேன்: போங்கள். சந்தேகத்தோடு போங்கள். அப்பத்தைக் கையில் வாங்கும்போது உங்கள் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று உள்ளே எட்டிப்பார்க்காமல் அப்பத்தைப் பாருங்கள். "உங்களுக்காக" என்று அவர் சொல்லும்போது அந்த "உங்கள்" என்பதில் நீங்கள் இருக்கிறீர்கள். சீமோன் பேதுரு அன்றிரவே மறுதலிக்கப்போகிறவர் என்று தெரிந்துதான் அவர் கையிலும் அப்பத்தைக் கொடுத்தார்.

முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று தோன்றும். கிழிக்கவேண்டாம். முடிந்தால், அடித்த மூன்று தேதிகளுக்குப் பக்கத்திலும் அதே தேதியைத் திரும்ப எழுதுங்கள். ஒன்று உண்மை, மூன்று பொய் என்று யார் தீர்ப்புச் சொன்னது? நான்கும் நீங்கள் வந்த நாட்கள். ஐந்தாவதை மட்டும் எழுதாதீர்கள்.

தேதி கேட்கும் அக்காவிடம் வாக்குவாதத்துக்குப் போகவேண்டாம். அவருக்கு அப்படி ஒரு நாள் இருந்திருக்கிறது, அது அவருக்கு இனிமையாக இருக்கிறது, இருக்கட்டும். அடுத்த முறை கேட்டால், "இன்று காலையில் வந்தேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

வாசலருகே பாய் போடுவதைப் பற்றி உங்களுக்கு வெட்கம் இருப்பதுபோல் தெரிகிறது. ரங்கூனில் நான்காவது மாடியில் இருக்கும் நானே அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு மாதம் சட்டை போட்டுக்கொண்டுதான் படுத்தேன். வேண்டிய நாள்வரைக்கும் அங்கேயே படுங்கள். கொசுவலையை மட்டும் சரியாகச் செருகிக்கொள்ளுங்கள்.